செவ்வாய்க்கிழமைக்காரி

வெள்ளிக்கிழமை ராத்திரி
எங்கள் கிருஷ்ணகிரி டோல்கேட்டின் ஒன்பதாம் தடத்தில்
பெங்களூரு ஊர்ந்து வரும்.
கூரைமேல் மடக்கு நாற்காலி,
பின்கண்ணாடியில் அமுங்கிய நீச்சல் டியூப்,
ஜன்னலுக்கு வெளியே காற்றைத் தின்னும் நாய்.
ஒருமுறை, நீச்சல் கண்ணாடியைக் கழற்றாமலே
தூங்கிப்போன பையன் ஒருத்தன்.
ஓய்வைக்கூட மூட்டை கட்டித்தான்
ஏற்காட்டுக்கு ஏற்றிப் போகிறார்கள்.

ஸ்டிக்கரைப் படித்துத் தடுப்பு தானே எழும்.
என் முகம் தேவைப்படுவது
கணக்கில் பணம் தீர்ந்தவர்களுக்கு மட்டும்.
அவர்களும் முகத்தையா பார்க்கிறார்கள்,
தடுப்பைப் பார்க்கிறார்கள்.

எனக்கு வார விடுப்பு செவ்வாய்.
செவ்வாயோ வெறுவாயோ என்று
ஒரு கல்யாணம், ஒரு புதுமனை
யாரும் வைக்காத நாள்.
பக்கத்துத் தடத்துத் திம்மராயன் சிரிப்பான்:
"மொய்ச் செலவு மிச்சம், முனிரத்னா."
மிச்சமானது மொய் மட்டும்தான்.
வீட்டுக்காரருக்கு ஞாயிறு, மகனுக்கு ஞாயிறு.
என் செவ்வாயில் வீட்டில் ஆளில்லை,
வேலை உண்டு:
ரேஷன், கிரைண்டர், ஆறு நாள் துணி,
ஜிப் போன பள்ளிக்கூடப் பை.
ராத்திரி படுக்கும்போது
வேலைக்குப் போகாத அலுப்பு
கூடவே படுக்கும்.

அந்தச் செவ்வாய் மாதாந்திரப் பராமரிப்பு.
காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை
கரண்ட் இல்லை.
மோட்டார் ஓடாது, கிரைண்டர் ஓடாது.
ஊறிய அரிசி என்னைப் பார்த்தது,
நான் அரிசியைப் பார்த்தேன்.
செருப்பை மாட்டிக்கொண்டு
அணைக்குப் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினேன்.

பெண்களுக்குக் கட்டணமில்லை.
எங்கள் விலக்குப் பலகையில்
ஆம்புலன்சுக்கும் ராணுவத்துக்கும் கீழே
எழுதாமல் விட்ட ஒரு வரியாக
நானும் கடந்து போனேன்.
பூங்கா வாசலில்தான் காசு.
கூண்டுக்குள் இருந்தவர் சில்லறையை எண்ணிவிட்டு
நிமிர்ந்து பார்த்தார்:
"தனியாவா?"
சீட்டில் அந்தக் கேள்வி அச்சாகவில்லை.
ஆனாலும் சேர்த்து மடித்து வைத்துக்கொண்டேன்.

மீன் கடைக்காரி
ஜிலேபி இரண்டைக் கல்லில் திருப்பிப் போட்டபடி
"யாராச்சும் வர்றாங்களா?" என்றாள்.
"இல்லக்கா. நான்தான் வந்திருக்கேன்."
சொன்ன பிறகு
யாரோ வந்து சேர்ந்த மாதிரிதான் இருந்தது.

தண்ணீரில் எருமைகள்.
பழக்க தோஷம், எண்ணினேன்:
இரண்டு அச்சு, இரண்டு அச்சு,
முதுகில் கொக்கு, அதிகச் சுமை,
கன்று, விலக்கு.
பதினாறோ பதினேழோ,
எங்கே விட்டேன் என்று தெரியவில்லை.
ஷிப்ட் முடிவில் ஐம்பது ரூபாய் குறைந்தால்
சம்பளத்தில் பிடிப்பார்கள்.
இங்கே ஓர் எருமை குறைந்ததை
ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு, சொல்லக் கூச்சமாக இருக்கிறது,
சறுக்குமரம்.
இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன்,
ஏறிவிட்டேன்.
தகரம் சுட்டது.
பாதியில் புடவை மாட்டி நின்றுபோனேன்.
பின்னால் ஹார்ன் அடிக்க யாருமில்லை.
நின்ற இடத்திலேயே உட்கார்ந்து
ஷட்டர் இடுக்கில் கசிகிற தண்ணீரை
வேண்டிய மட்டும் பார்த்தேன்.

வீடு திரும்பியபோது கரண்ட் வந்திருந்தது.
அரிசியில் லேசாகப் புளிப்பு வாடை.
"எங்க போனே?"
"டேமுக்கு."
"அங்க என்ன வேலை?"
கிரைண்டரைப் போட்டேன்.
அந்தச் சத்தத்தில்
பதில் இருந்தாலும் கேட்டிருக்காது.

புதன்கிழமை ராத்திரி ஷிப்ட்.
கடைவாய்ப் பல்லிடுக்கில்
ஜிலேபியின் மெல்லிய முள் ஒன்று.
நாக்கு நுனி அதைத் தேடித் தேடிப் போகிறது.
பச்சை, தடுப்பு, பச்சை, தடுப்பு,
லாரி, லாரி, தூங்கும் பஸ்.
ஊக்கு வளையலிலேயே தொங்குகிறது.
எடுக்கவில்லை.